‘கம்’முக்கும் ‘கோ’வுக்கும் நடுவில் வயிரவன் சார்

“வயிரவன் சார் தவறிட்டாக டீச்சர்” என்று எங்கள் பயிற்சி நிலையத்து அலுவலகப் பெண் போனில் சொன்னபோது, “எந்த வயிரவன் சார்?” என்று இரண்டு தடவை கேட்டேன். ஆறு வருடம் அவரோடு சேர்ந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். வேறு வயிரவன் யாரையும் எனக்குத் தெரியாது. ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் விளங்கவில்லை.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஓட்டலான பிறகு, அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் எங்கள் வகுப்பு. அதில் படித்த உங்களுக்கு அவருடைய ‘கம்’, ‘கோ’ பாடம் மறந்திருக்காது. பேசுகிறவர் பக்கமோ கேட்கிறவர் பக்கமோ நகர்ந்தால் ‘கம்’, வேறு எங்குட்டு நகர்ந்தாலும் ‘கோ’ என்று ஆரம்பிப்பார். பால் கெட்டால் ‘கோ பேட்’, கனவு பலித்தால் ‘கம் ட்ரூ’ என்று முடிப்பார். “கெட்டது போகட்டும், நல்லது வரட்டும்னு வெள்ளைக்காரனும் நம்மளப் போலத்தான் நெனச்சிருக்கான்” என்பார். அது முழுக்கச் சரியா என்று எனக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம்.

சண்டையும் அதில்தான் வந்தது. விடைபெறும்போது வெறும் ‘கோ’ சொல்ல அவருக்கு மனசு வராது. ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றே பழக்கிவிட்டார். மாணவி ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவாள் என்று விருந்தாளிகள் இருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். ஓட்டல்காரர் வந்து என்னிடம் கத்தினார். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. நேரே வகுப்புக்குப் போய், அவர் பலகையில் எழுதியிருந்ததை எல்லார் முன்னாலும் அழித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பத்து நாள் போன் செய்யவில்லை. அவர் ஊர் கீழச்சிவல்பட்டி என்ன தூரமா? போய்ப் பார்க்கவும் இல்லை.

துக்க வீட்டில் சாரின் மனைவி ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் என்மேல் கோபமாக இருந்தாரா என்று கேட்க வாய் வரவில்லை. துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பது தெரியாதவளா நான்? எழுந்தபோது புத்தி எங்கேயோ இருந்தது. “வாரேன் ஆச்சி” என்று சொல்லிவிட்டேன். சுற்றியிருந்த பெண்கள் முறைத்தார்கள்.

ஆச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப வாரேங்கிறீக டீச்சர். இன்னைக்கு வருவாக, நாளைக்கு வருவாகன்னு அவுக கட்டிலுக்குப் பக்கத்துல தினமும் உங்களுக்கு நாற்காலி போடச் சொன்னாக.”

அவர் கோபத்தில் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதற்குக்கூட இனி வழியில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது, நான் உட்காராத அந்த நாற்காலிதான்.