வெள்ளிக்கிழமை எடுத்த சர்வர்

எனக்குக் கோர்வையாக எழுத வராதுங்க. அஞ்சாவதோடு நின்னவள். பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்குங்க.

ஜெயங்கொண்டத்தில் எங்க வூட்டு மூலையில் மகளுடைய பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். லினக்ஸ் என்பாள். அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். செத்துப்போன என் வீட்டுக்காரர் குரலை அதில்தான் போட்டு வைத்திருந்தாள், வேறெங்கும் இல்லை. என் போனில் ஒரு பக்கத்தைத் தொட்டால் அவர் பேசுவார். அந்தப் பக்கத்தைக் காட்டுகிற சர்வர் பழசாகிவிட்டதாம், அது வழியாகக் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைவானாம், அதை எடுத்துவிட்டுப் புதுசு போடணுமாம். அங்கிருந்து எடுக்க முடியவில்லை என்று வீடியோவில் என்னைக் கூப்பிட்டாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமையில் ஒரு பிடி உப்பைக்கூட வூட்டை விட்டு வெளியே கொடுக்க மாட்டோம்.

"நாளைக்குப் பாத்துக்கலாமே பாப்பா."

"திருடன் நாள் பாத்தாம்மா வரான்? கீபோர்டுல அடி. எடுக்கறதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. ஒண்ணு சும்மா எடுக்கும், இன்னொண்ணு வழிச்சு எடுத்துடும். நான் சொல்றத மட்டும் அடி."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், தேடித் தேடி அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை.

"ஐயோ, நின்னு போச்சு பாப்பா!"

"அது அப்படித்தாம்மா, காட்டாது. கண்ண மூடிட்டு அடி."

எடுக்கட்டுமா என்று கடைசியாகக் கேட்டது. சாமியைக் கும்பிட்டு ஒய் என்கிற இங்கிலீஷ் எழுத்தை அடித்தேன். எழுத்தெல்லாம் கடகடவென்று ஓடி நின்றது. உடனே போனில் அந்தப் பக்கத்தைத் தொட்டேன். வெள்ளையாக நின்றது. மறுபடி தொட்டேன். வெள்ளைதான். அவரை என் கையாலேயே தொலைத்துவிட்டேன் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அழாதம்மா, கடைசி வரியில என்ன இருக்கு? படி."

எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"உள்ள பொருள் இருக்கு, அதனால அப்பா குரல் வச்சிருக்கற ரூமை எடுக்கலங்குது. அப்பா அங்கதான் இருக்கார்."

நம்பிக்கை வரவில்லை. புதுசை ஏற்ற இன்னும் ரெண்டு வரி அடிக்கச் சொன்னாள். அது ஏறுகிற வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொட்டேன். அவர் குரல்தான்.

"என்னடி இது, கொழம்புல உப்பே இல்ல!"

எத்தனை நாள் அதுக்குக் கோபப்பட்டிருக்கேன். அன்றைக்கு, "இந்தா போடறேங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் வேறெதையாவது வழித்துவிட்டேனோ என்ற பயம் விடவில்லை. நான் அடித்தது எந்த வார்த்தை, எடுக்கிறதா, வழிக்கிறதா? இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. மகளைக் கேட்டால் திட்டுவாள். இந்த வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் நான் எழுதினதைச் சரிபார்த்துச் சொல்லுங்க.