வீட்டுக்காரர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்ட கொலாசு

இறைச்சியின் எடைக்குச் சமமாக வெங்காயத்தை அரிந்து வதக்கும்போது முதலில் கண் எரியும், பிறகு இனிப்பாக ஒரு வாசனை எழுந்து வாயில் நீர் ஊறும். அந்த வாசனையால்தான் ஓசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை இழந்தோம்.

அம்மா ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் சமையல் வேலை செய்தார். இயந்திரம் பொருத்த வந்திருந்த ஆஸ்திரியப் பொறியாளர் ஒருவர், தம் ஊர் மாட்டுக்கறிக் குழம்பான குலாஷை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்: காரமில்லாத மிளகாய்த்தூள் போட்டு, நெடுநேரம் சிறுதீயில் வேகவிட்டு, பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிடித்து அவித்த உருண்டையைக் குழிந்த தட்டில் வைத்து, சுற்றிலும் குழம்பை ஊற்றிப் பரிமாற வேண்டும். அம்மாவின் வாயில் அது "கொலாசு" ஆயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலைக்கு வேன் ஓட்டிய ஒப்பந்தக்காரர். விடுதியில் நடந்த விருந்தில், "இது மாட்டுக்கறி சார்" என்று அம்மா மெதுவாகச் சொன்னதற்கு, "தெரியும்மா, போடு" என்றவர், இரண்டாம் முறையும் வாங்கி, உருண்டையால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாராம். அம்மா அதைப் பெருமையாக எங்களிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்து, எங்களுக்காக அதையே சமைத்தார். குழம்பு கொதிக்கும்போதே வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேரி, என் வூட்லயே மாட்டுக்கறி ஆக்கறியா?"

"அன்னிக்கி ரெண்டு வாட்டி வாங்கித் துன்னீங்களே சார், அதே கொலாசுதான்."

அவர் முகம் கறுத்தது. "அது கம்பெனி விருந்து. இது வூடு. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்காக வீட்டுக்காரரைவிட அப்பாவின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. அம்மா கும்பிடவில்லை, அழவில்லை, அடுப்பையும் அணைக்கவில்லை. கறி வெந்ததும் கதவை அகலத் திறந்து வைத்து, அந்தப் பொறியாளர் சொன்னபடியே சில்வர் தட்டுகளில் பரிமாறினார். "மெதுவா சாப்பிடுங்க" என்றார். பிறகுதான் பாத்திரங்களைக் கட்டினோம். பக்கத்து ஊரான பேரிகையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனோம். விடுதியில் நடந்த அடுத்த விருந்துக்கு வந்த வீட்டுக்காரரின் தட்டில் அம்மா தயிர்சாதம் மட்டும் வைத்தாராம்.

அம்மா இப்போது இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. சென்ற மாதம் ஓசூரில் வீடு தேடியபோது தரகர், "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா மேடம்?" என்று சிரித்தபடி கேட்டார். "மாட்டுக்கறி ஆக்குவோம்" என்று தெரு கேட்கச் சொன்னேன்.

"ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். இன்னும் சொல்லவில்லை.