பின்சீட்டில் ஒரு கனம்

அந்த வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டு யாரும் என் வீட்டுக்கு வரவேண்டாம். அது இப்போது என்னிடம் இல்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. கனவும் இல்லை. அன்றைக்கு நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் சேந்தமங்கலம். கொல்லிமலையில் எங்கே தண்ணீர் மோட்டார் பழுதானாலும் எனக்குத்தான் போன் வரும். என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய வண்டியோ சின்னது. ஒவ்வொரு வளைவிலும் ஹேண்டில்பார் முட்டியில் இடிக்கும். காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். வீடு வந்து சேர்ந்தால் இடுப்பு நிமிராது.

"ஒசரத்துக்குத் தக்கன ஒரு வண்டி வாங்குங்க மாமா. இப்படியே போனா நாப்பது வயசுலயே குச்சி ஊனப் போறீங்க" என்று என் மனைவி சுகுணா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பழைய வண்டிகளாகப் பார்க்க ஆரம்பித்தேன். நாமக்கல்லில் பார்த்தேன், ராசிபுரத்தில் பார்த்தேன். சிலதில் சீட் உயரமாக இருக்கும், கால் வைக்கும் இடமும் உயரமாக இருக்கும். முட்டி நெஞ்சுக்கு வரும். சிலதில் கால் சரியாக இருக்கும், கைக்குக் குனிய வேண்டியிருக்கும். ஒன்றும் அமையவில்லை.

அப்போதுதான் மலையிலிருந்து ஒரு போன் வந்தது. பெரக்கரை நாடு என்ற மலையூர்ப் பக்கம். பெயர் தமிழ்செல்வன். நான் வண்டி தேடுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க எவ்ளோ ஒசரமுங்க?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

சொன்னேன்.

"அப்ப வாங்க" என்றான்.

பஸ்ஸில் ஏறிப் போனேன். அவனைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. என் உயரம்தான், தோளும் என்னைப் போலவேதான். முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் கண் மட்டும் ரொம்பக் களைத்திருந்தது. மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீடு. உள்ளே வேறு ஆள் இருக்கிற சத்தமே இல்லை.

வண்டியில் உட்கார்ந்தேன். எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஹேண்டில்பாரை உயர்த்தியிருந்தான். கால் வைக்கும் கட்டையைக் கீழே இறக்கியிருந்தான். சீட்டைப் பின்னால் நீட்டித் தைத்திருந்தான். இந்த ஓரம் அந்த ஓரம் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். முட்டியில் படவே இல்லை.

பின்சீட்டில் மட்டும் இரண்டு மடங்கு பஞ்சு வைத்திருந்தது. தொட்டால் தலையணை மாதிரி அமுங்கியது.

"எதுக்குங்க விக்கறீங்க?"

"நான் ஓட்டி ஒண்ணும் ஆகலீங்க" என்றான். எனக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்கவும் தோன்றவில்லை.

பேசி முடித்துச் சாவியை வாங்கினேன். அவன் கை பின்சீட்டின் மேலேயே இருந்தது.

"மலை எறங்கறப்ப ஏதாச்சும் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க."

"வண்டியிலயா?"

"ம்."

ஏதோ சத்தம் வருமாக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். மணி ஐந்து இருக்கும். வெளிச்சம் இருந்தது. பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

முதல் நாலைந்து வளைவுகள் சுகமாக இருந்தன. நிமிர்ந்து உட்கார்ந்து, முட்டி இடிக்காமல், ராஜா மாதிரி இறங்கினேன். இத்தனை வருடம் ஏன் கஷ்டப்பட்டோம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வளைவில் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது.

காற்று இறங்கிவிட்டதோ என்று நிறுத்தினேன். டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

பின்பக்கம் அமுங்கியேதான் இருந்தது.

பனி அடர்த்தியானது. விளக்கைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையாகப் பனி. வேறொன்றும் இல்லை.

அப்புறம் இடுப்பு இறுக ஆரம்பித்தது. பெல்ட் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். நான் பெல்ட் போட்டிருக்கவில்லை...

குளிரில் விரல் விறைத்துப்போயிருந்தது. காது எரிந்தது. ஆனால் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், ஓர் இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. ஒரு கன்னத்தின் அளவு.

கீழேயிருந்து ஒரு லாரி திணறிக்கொண்டு ஏறி வந்தது. நான் ஓரம் கட்டினேன். பக்கத்தில் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, சேலை வீலுகிட்ட தொங்குது பாருங்க. சுருட்டி மடியில வெக்கச் சொல்லுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ண இந்தப் பனியிலயா கூட்டிட்டு வாரது..."

லாரி போய்விட்டது.

நான் அசையவில்லை. திரும்பவும் இல்லை. திரும்பினால் என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியாது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் நான் இறங்கினால் பின்னால் இருப்பது விழுந்துவிடும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதோ...

கிளட்சை விட்டேன். மெதுவாக.

வளைவு.

இன்னொரு வளைவு.

"மாமா..."

காதுக்குப் பக்கத்தில் இல்லை. முதுகுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல்.

சுகுணாவின் குரல் இல்லை அது.

"வலி நின்னுருச்சு மாமா. மெதுவாவே போங்க."

என் பல் கிட்டித்துப்போனது.

மெதுவாகவே போனேன்.

அடுத்த வளைவிலும் அதே குரல். "வலி இல்ல மாமா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பயம்தான். உயிரே போகிற பயம். ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. யாரையோ தேற்றுகிற குரல் அது.

மரங்களுக்கு நடுவே காரவள்ளி விளக்குகள் தெரிந்தன.

"வந்துட்டமா மாமா?"

பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"வந்துட்டோம் கண்ணு."

முதுகில் அந்த இடம் சில்லிட்டது. பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

அன்றைக்கு வீட்டில் நான் சட்டையைக் கழற்றும்போது சுகுணா கேட்டாள். "இடுப்ப சுத்தி என்ன இது? கயித்துல இறுக்கிக் கட்டுன மாதிரி செவந்திருக்குது?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

மறுநாள் காலையிலேயே மலை ஏறினேன். ஏறும்போது ஒன்றும் இல்லை. வெறும் வண்டி. தமிழ்செல்வன் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். நான் எஞ்சினை அணைப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டான்.

"பேசினாளா?"

தலையை ஆட்டினேன்.

"என்னங்க சொன்னா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது. அந்த வார்த்தைகளெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தன.

"கடைசியா, வந்துட்டமான்னு கேட்டா" என்றேன்.

"நீங்க பதில் சொன்னீங்களா?"

"வந்துட்டோம்னு சொன்னேன்."

அப்படியே ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். "நான் சொல்லலீங்க. ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் திரும்பறதுங்கற நெனப்புல... அவளுக்குப் பதிலே சொல்லலீங்க."

அவள் பெயர் கலைச்செல்வி. அவன் மனைவி. எட்டாம் மாதம். போன ஐப்பசி மழையில் திடீரென்று வலி வந்திருக்கிறது. பாதையில் மரம் விழுந்து, கூப்பிட்ட ஆம்புலன்ஸ் மேலே வர முடியவில்லை. பைக் மட்டும் மரத்துக்கு அடியில் நுழையும். விழுந்துவிடக் கூடாதென்று அவளுடைய சேலையாலேயே அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான்.

"அதுக்கப்பறம் தெனமும் ஏறி எறங்கினேனுங்க. ஒரு நாளும் அவ வரல. என்ன மாதிரியே ஒசரமா, இதே முதுகு இருக்கற ஆளு ஓட்டினா, நானுன்னு நெனச்சாவது வருவாளோன்னுதான்... மன்னிச்சுக்கோங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரியில காப்பாத்த முடியலயா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை அசைத்தான்.

"டாக்டரம்மா தொட்டுப் பாத்துட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. ஒடம்பு அப்பவே வெறைக்க ஆரம்பிச்சுருச்சாம். மேலயே உசுரு போயிருக்கும்னாங்க. மொத வளைவு எறங்கறதுக்கும் முன்னாலயே. அவளும் போயிட்டா, வயித்துல இருந்த புள்ளையும் போயிருச்சு. இல்லீங்கம்மா, காரவள்ளி வரைக்கும் அவ பேசிட்டேதான வந்தான்னு சொன்னேன். எனக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு நெனச்சு ஊசி போட்டாங்க."

என் முகத்தைப் பார்த்தான்.

"அந்த மழையில நான் எங்கியாவது விழுந்துருவேன்னு... செத்ததுக்கு அப்பறமும்... எனக்குத் தகிரியம் சொல்லிட்டே வந்தாளுங்களா?"

சாவியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

பஸ்ஸில்தான் திரும்பினேன். பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களை ஒட்டி அந்த வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மிக மெதுவாக. அவன் மட்டும்தான் இருந்தான்.

"வந்துட்டோம் கண்ணு" என்று சொல்கிற மாதிரி அவன் உதடு அசைந்தது. பிறகு தலையை லேசாகப் பின்னால் சாய்த்துக் காது கொடுத்தான்.

மறுபடியும் சொன்னான்.