லோர்னாவுக்காக நின்றவள்

படப்பிடிப்பில் ஆட்கள் விளக்குகளைச் சரிசெய்து முடித்ததும் லோர்னா வந்து, அதுவரை தனக்குப் பதிலாக வெளிச்சத்தில் நின்றிருந்த வில்மாவின் கழுத்து வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிவிடுவாள். ஹாலிவுட்டில் லோர்னா நடித்த எந்தப் படத்திலும் அது தவறியதில்லை.

எல்லாம் சின்ன வேடங்கள். 1953இல்தான் முதன்முதலாகக் கதாநாயகி வேடம் வந்தது. ஆனால் கதாநாயகி என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் நெஞ்சைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். லோர்னாவுக்கோ மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

"என் பேரைச் சொல்லி நீயே போயிட்டு வாடி. அந்த டாக்டர் என்னைப் பார்த்ததே இல்ல."

"மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு பேரும் ஓட்டல்ல தட்டு கழுவலாம். உனக்கு வேஷம் கிடைக்கிற அன்னிக்கு, விளக்கு வைக்க நான் நிக்கிறேன். சத்தியம்."

வில்மாவின் நெஞ்சில் குழாயை வைத்த மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா இப்படிப் படபடக்குது?"

"முதல் பெரிய படம், டாக்டர்."

சிரித்தபடி கையெழுத்திட்டார்.

இரண்டாம் வாரம், நடனக் காட்சியின் நடுவே லோர்னா சுருண்டு விழுந்தாள். எழவில்லை. வயது இருபத்தாறு. அந்தச் சோதனையைப் பற்றி வில்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறு வருடம் வில்மாவுக்கு ஒரு நர்ஸ் வேடம் கிடைத்தது. விளக்கு வைக்க ஆள் நிறுத்தட்டுமா என்றார்கள்.

"வேண்டாம். ஒருத்தி வர்றதா சொல்லியிருக்கா" என்றாள் வில்மா. பிறகு தானே போய் வெளிச்சத்தில் நின்றாள். கழுத்தில் வழிந்த வியர்வையை அவள் துடைக்கவில்லை.