பாதியில் எழுந்து போகிறவர்

கணினித் திரையில் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாதி நிரப்பிவிட்டு எழுந்து போய்விடுகிறார். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், தங்கையிடம் போனில் வம்பளப்பார், சாவகாசமாக டீ குடிப்பார். திரும்பி வந்து 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்துவார். எழுதியது அப்படியே இருந்தால் ஒரு தலையசைப்பு. காணாமல் போயிருந்தால் "போச்சுடா!" என்ற சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்கும்.

வலைத்தளங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'பாதி அக்கா'. ஒரு பக்கத்தை அனுப்பியதுமே, தளத்தை இயக்கும் சர்வர் கணினி ஆளை மறந்துவிடும். அடுத்த பக்கத்துக்கு வருவது அதே ஆள்தான் என்று தெரிய, எழுதியதை எங்காவது பத்திரப்படுத்த வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம் என்பதில்தான் அக்காவுக்கும் புரோகிராமர்களுக்கும் ஓயாத மல்லுக்கட்டு.

மற்றவர்கள் பெயர்க் கட்டத்தில் 'அஅஅஅ' என்று தட்டிவிட்டுப் போவார்கள். அக்கா முழு மனிதரையே உருவாக்குவார்: இடது காது கேட்காதவர், மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிப்பவர், மருமகனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். கேட்டால், "கண்டதை அடிச்சா தொலைஞ்சாலும் வலிக்காதுப்பா. வலிச்சாத்தானே தெரியும்?" என்பார்.

நோயாளிகளுக்கு வீட்டுத் துணையாள் கேட்டு விண்ணப்பிக்கும் தளம் ஒன்று மறுநாள் திறப்பதாக இருந்தது. இருபது நிமிடம் சும்மா விட்டால் எல்லாம் அழிந்துபோகிறது என்று தளம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட அக்கா மறுத்துவிட்டார். மேலாளருக்குக் கோபம்.

"இருபது நிமிஷம் போதாதாம்மா? யாருக்கு அவ்ளோ நேரம் ஆகும்?"

"படுக்கையில ஒருத்தரை வெச்சிருக்கவங்களுக்கு ஆகும் சார். நீங்களே உட்காருங்க. உங்க அம்மாவைப் பத்தி எழுதுங்க."

மேலாளரின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். முறைத்துவிட்டு உட்கார்ந்தார். அலட்சியமாக ஓடிய விரல்கள் போகப்போக நிதானித்தன. ராத்திரியில் அம்மா எதற்குக் கூப்பிடுகிறார், யார் தொட்டால் கூச்சப்படுகிறார் என்ற கேள்விகளுக்கு நீளமாகவே எழுதினார். நடுவில் மனைவியின் போன். வராந்தாவில் நின்று நெடுநேரம் பேசிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். வெறுமையாய் முதல் பக்கம் வந்து நின்று, பெயரைக் கேட்டது.

"இன்னொரு தடவை இதையெல்லாம் என்னால எழுத முடியாது" என்றார் மெதுவாக. பிறகு பின்னால் நின்ற புரோகிராமரிடம், "திறப்பைத் தள்ளி வைங்க. ஒவ்வொரு பக்கமும் அப்பப்ப டேட்டாபேஸ்ல போய் பத்திரமா உட்காரட்டும். மறுநாள் வந்தாலும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கணும்."

புரோகிராமர் தன் மேசைக்கு விரைந்தார். மேலாளர் எழுந்திருக்கவில்லை. அக்கா குனிந்து, இன்னும் பெயர் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் திரையை அணைத்தார்.