நாகராஜ் அண்ணனின் தாய்ப்பால் விண்ணப்பமும் மரகதம் அக்காவும்

மரகதம் அக்கா போய்விட்டார் என்று போனில் சொன்னவர் நாகராஜ் அண்ணன். மைசூரில் எங்கள் ஊதுபத்திக் கம்பெனியின் கோடவுன் அவர் பொறுப்பு. தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, "இனி நமக்கு யாரும்மா லெட்டர் எழுதுவாங்க?" என்று கேட்டார். பாவி மனுஷன், அந்த நேரத்திலும் என்னைச் சிரிக்க வைத்துவிட்டார்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் மேசை சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச்தான், ஆனால் ஆபீஸ் முழுக்க அவர் எழுதிய கடிதங்கள்தான் ஓடின. அவர் யாருக்கோ எழுதியதைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவோம். லீவ் லெட்டரைச் சொந்தமாக எழுதியவர் எங்களில் ஒருவரும் கிடையாது.

எனக்குப் பிரசவ விடுப்பு முடிந்த சமயம் அது. என் மகளோ பாட்டிலைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். காலை எட்டு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பி, மிச்ச வேலையை வீட்டிலிருந்து முடிக்க அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். நான் எழுதிய விண்ணப்பத்தை அக்கா படித்துப் பார்த்தார்.

"ஏண்டி, நாலு எடத்துல மன்னிப்பு கேட்டிருக்க. புள்ள பெத்தியா, திருடுனியா?"

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எந்த வேலையை எத்தனை மணிக்குள் முடிப்பேன் என்று ஒரே பக்கத்தில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்றிலும் அதே வரி: "என் ஆறு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டியிருப்பதால்." கீழே நாகராஜ் அண்ணனின் கையெழுத்து. அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு, மீசையே ஒரு கைப்பிடி இருக்கும்.

கேலி செய்கிறோம் என்று மேனேஜர் கொதித்தார். இரண்டிலும் கையெழுத்துப் போட முடியாது என்றார். கதவைத் தட்டாமலே அக்கா உள்ளே வந்தார். அவர்கள் பேசியது கன்னடத்தில். எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்.

"கேலி இல்ல சார். ஒண்ணு அசல், ஒண்ணு காப்பி. அசலுக்குப் போடுங்க."

"இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க!"

"கேக்கட்டும் சார். பால் குடுக்கறவங்களுக்கெல்லாம் குடுங்க. நாகராஜை நான் விசாரிச்சுக்கறேன்."

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார். அது ஒரு வருஷம் ஓடியது.

வெளியே அண்ணன் தலைகுனிந்து நின்றார். அவருடைய அம்மாவுக்குக் கால் எலும்பு முறிவு, சாயங்காலம் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம்.

"அதை எழுதித் தொலையேன்யா! குடுக்கறதுக்கு முன்னால படிக்கவாவது வேணாமா?"

"நீங்க எழுதுனா தப்பு இருக்காதுன்னு நெனச்சேன் அக்கா."

திட்டிக்கொண்டே அவருக்கும் ஒன்று எழுதினார். அதுவும் கிடைத்தது.

தகனம் முடிந்து நிற்கும்போது அக்காவின் மகன் என்னிடம் சொன்னார்: "நான் பொறந்து நாப்பத்தஞ்சாம் நாள் அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. நேரத்த மாத்திக் கேக்கலாம்னு அப்ப அவங்களுக்கு யாரும் சொல்லல." இதை அக்கா எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

அந்த வருஷம் மதியம் இரண்டரைக்கு நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே மகள் உள்ளேயிருந்து கத்துவாள். மடியில் போட்டதும் அடங்கிவிடுவாள். அக்கா எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவை அந்த மதியங்கள்தான். அவருக்கு அப்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.