ஸ்டிரைக் நோட்டீஸும் போர் மிரட்டலும்

மூன்று நாளாக அந்தோணி போனில் கிடைக்கவில்லை. அவரை அங்கேயே இருக்கச் சொன்னது நான்தான்.

அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்து மீனவர். ஈரானில் படகு வேலை. மனைவி சகாயமேரிக்கு வேலம்பாளையத்தில், நான் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன வாரம் டீ டைமில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஈரான் மேல குண்டு போடுவோம்னு மிரட்டுதாவளாம். ஊருக்குப் போறவியளப் படகு ஓனர் விடுதாராம். வரவா, இருக்கவான்னு அவிய கேக்காவ. பேச்சுவார்த்தையும் நடக்குங்காவ... ஒண்ணும் வெளங்கல."

ஏன் என்னிடம்? சங்கத்தின் சார்பில் பல வருடம் சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவன் நான். அந்தத் திமிரில் சொன்னேன்.

"அது நம்மூரு ஸ்டிரைக் நோட்டீஸ் மாதிரி அம்மிணி. நாங்க நோட்டீஸ் குடுப்போம். கம்பெனிய இழுத்துப் பூட்டீருவோம்னு ஓனருங்க மிரட்டுவாங்க. அப்புறம் ஒண்ணா டீ குடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுவோம். அடுத்த பேச்சுக்குத் தேதி குறிச்சாச்சல்ல? அடிக்க மாட்டாங்க. ரெண்டு மாசத்துல காண்ட்ராக்ட் முடியுது, இருக்கச் சொல்லு."

அயர்ன் டேபிளில் இருந்த ரஹீம் பாய் சிரித்தார். "நம்ம மாஸ்டர அங்க அனுப்பியிருந்தா ஒரே டீயில முடிச்சிருப்பாருங்க."

சகாயமேரியும் சிரித்தார். அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் செய்து, இருக்கச் சொன்னார்.

குறித்த தேதி வருவதற்குள் குண்டு விழுந்துவிட்டது. அந்தோணி இருந்த துறைமுகமும் எரிந்தது.

எனக்குப் புரியாமல் போனது இதுதான். இங்கே மிரட்டுகிறவனுக்கு மறுநாள் அதே ஆள் வேண்டும். தொழிலாளி இல்லாமல் மெஷின் ஓடாது. கம்பெனி இல்லாமல் எங்கள் அடுப்பு எரியாது. அதனால் மிரட்டலுக்கு ஒரு எல்லை இருக்கிறது. அங்கே? எதிரில் உட்கார்ந்திருப்பவன் நாளைக்கு உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை!

அணுகுண்டு செய்யாதே என்று ஈரானிடம் சொல்லத்தான் அந்தப் பேச்சு. பேச்சு முடியும் முன்பே அடி. இனி எந்த நாடு நம்பிப் பேச வரும்? 'நம்மிடம் அணுகுண்டு இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்கள்' என்றுதானே ஒவ்வொருவனும் நினைப்பான்? ஒரு குண்டைத் தடுக்கிறேன் என்று பத்துப் பேருக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ராஜதந்திரமாம்.

சகாயமேரி தினமும் வேலைக்கு வருகிறார். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லையாம். நேற்று மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி" என்றார். பிறகு கேட்டார். "மறுபடி பேசப் போறாவளாம். இத நம்பலாமா?"

இந்த முறை நான் அந்தோணியின் நம்பரைத்தான் மறுபடி அடித்துப் பார்த்தேன்.